முப்பத்தேழாம் கொக்கி

காலை ஒன்பது மணிப் படகு கலங்கரை விளக்கத்து ஊரில் வந்து நின்றபோது, டோக்கன்காரர்தான் கடைசியாக இறங்கினார். இறங்க மனசே இல்லை. முழங்காலை ஒருமுறை தடவிக்கொண்டார். மூன்று வருஷமாக அந்த முழங்கால்தான் அவரைக் காப்பாற்றி வந்தது. "கால் வலிங்க சார், படி ஏறி இறங்க முடியாது" என்று முகத்தைச் சுளித்தால் போதும், வருஷா வருஷம் வரும் ஆய்வு நடையை வேறு யார் தலையிலாவது கட்டிவிடுவார்கள். இந்த வருஷம் வந்த புது அதிகாரி அதற்கெல்லாம் மசிகிற ஆள் இல்லை. "கால் வலின்னா மெதுவா நடங்க. பாதை எங்கயும் ஓடிப் போயிடாது" என்று சொல்லிவிட்டார்.

அது என்ன பாதை, அது என்ன டோக்கன் என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன், அப்புறம் நடுவில் நிறுத்த முடியாது.

கலங்கரை விளக்கத்து ஊருக்கும் படகுத்துறை ஊருக்கும் நடுவில் பதினோரு கிலோமீட்டர் மலைச்சரிவு. வண்டி போக வழியில்லை. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் கீழே கடல், நடுவில் இரண்டு பேர் உரசாமல் போகிற அளவுக்கு ஒரு நடைபாதை. அழகென்றால் அப்படியொரு அழகு. அதைப் பார்க்கத்தான் வெளியூர்க்காரர்கள் வருவார்கள். காலையில் இந்த ஊர் இரும்புக் கேட்டில் நுழைந்தால், சாயங்காலத்துக்குள் அந்த ஊர் இரும்புக் கேட்டில் வெளியே வரலாம். நுழையும்போது நம்பர் வெட்டிய பித்தளை டோக்கன் ஒன்று தருவார்கள். வெளியே வரும்போது அதை அந்த ஊர் ஆபீசில் கொடுக்க வேண்டும். மொத்தம் அறுபது டோக்கன். அங்கேதான் நம் டோக்கன்காரருக்கு வேலை. அவருடைய நாற்காலிக்குப் பின்னால் ஒரு பலகை, அதில் அறுபது கொக்கி. காலையில் செலவாகாத டோக்கன்கள் மத்தியானப் படகிலேயே திரும்பி வந்து கொக்கியில் ஏறிவிடும். மற்றவை நடந்து வர வேண்டும். சாயங்காலம் அஞ்சரைக்குப் பலகை நிறைந்திருந்தால் கேட்டைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஒரு கொக்கி காலியாக இருந்தால் பாதையில் ஒரு ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். சைரன் போட வேண்டும். நாலு பேர் ஸ்ட்ரெச்சரோடு தேடப் போவார்கள்.

பதினெட்டு வருஷமாக இதுதான் அவருக்கு வேலை. நீட்டினால் வாங்குவது, துடைப்பது, மாட்டுவது. ஒருநாள் அவர் மனைவி பாதித் தூக்கத்தில் இருந்தவரிடம் தண்ணீர் டம்ளரை நீட்ட, மனுஷன் வாங்கிப் போர்வையில் துடைத்துவிட்டுச் சுவரில் கொக்கியைத் தேடினாராம். அந்தக் கதையை அந்த அம்மாள் யார் வந்தாலும் சொல்லிச் சிரிப்பாள்.

ஆபீசில் இரண்டாவது நாற்காலியில் இருப்பவன் அவர் மச்சான், மனைவியின் தம்பி. இவர்தான் கையைக் காலைப் பிடித்து வேலை வாங்கிக் கொடுத்தார். விசில் அடித்துக்கொண்டே வருவான், பாட்டுப் பாதியில் மறந்துபோகும், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பான். முதல் நாளே அவனுக்கு இரண்டு விஷயம் சொல்லிக் கொடுத்தார்.

"யார் நீட்டினாலும் வாங்கிடு, மச்சான். வாங்கிட்டா ஆள் வெளிய வந்தாச்சு. அப்புறம் நம்ம பொறுப்பு இல்ல."

"ரெண்டாவது?"

"பாதிவழிக் கொட்டகையில ஒரு போன் இருக்கு. மழை பெஞ்சா வயருக்குள்ள தண்ணி பூந்து அதுவா அடிக்கும். எடுத்துட்டு வச்சிடு. ரொம்பத் தொந்தரவு குடுத்தா வயரைப் புடுங்கிடு."

மூன்றாவதாக ஒன்று இருந்தது. அதை அவர் யாருக்கும் சொல்லவில்லை.

கலங்கரை விளக்கத்து ஊரின் கேட்காரர் டோக்கன் பெட்டியைத் திறந்து நீட்டினார். "சீசன் முடியுது. இன்னிக்கு நீங்க ஒருத்தர்தான். நீங்க உள்ள போனதும் பூட்டிட்டு நானும் ஊருக்குக் கிளம்பறேன்."

கைக்கு வந்தது பன்னிரண்டு. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பின்னால் இரும்புக் கேட் சாத்தப்பட்டது. தாழ்ப்பாள், பூட்டு, பிறகு கேட்காரரின் செருப்புச் சத்தம் தேய்ந்து போவது, எல்லாம் காதில் விழுந்தது.

முதல் நாலு கிலோமீட்டர் ஒரு குறையும் இல்லை. வெயில் இதமாக இருந்தது. உடைந்த படிகளைக் குறித்துக்கொண்டார். கிலோமீட்டர் கல்லில் பெயின்ட் போயிருந்தால் அதையும் குறித்துக்கொண்டார். காலையில் மனைவி சொன்னதை நினைத்துத் தனக்குள் சிரித்தார். "பதினெட்டு வருஷமா அடுத்தவங்களை நடக்க விட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தீங்க இல்ல? இன்னிக்கு நடங்க." அப்புறம் குரல் இறங்கி, "நாலரைக்கே கேட்டுக்கு வந்துடுவேன். அஞ்சு மணிப் படகுல உங்க பொண்ணு வர்றா. ரெண்டு பேருமா போய்க் கூட்டிட்டு வரலாம். தாமதம் பண்ணிடாதீங்க" என்றாள். மகள் ஹாஸ்டலுக்குப் போய் அஞ்சு மாதம் ஆகியிருந்தது. அவளுக்காகவே அவர் கொஞ்சம் எட்டி நடந்தார்.

ஐந்தாவது கல்லைத் தாண்டியதும் கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. முதலில் கடல் காணாமல் போனது. அப்புறம் பாதையின் ஓரம். அப்புறம் அவருடைய கால்.

அப்போதுதான் முன்னால் யாரோ நடப்பது தெரிந்தது.

ஒரு பெண். சாம்பல் நிற மழைக்கோட்டு. தலையை மூடிய குல்லா. இடது காலை இழுத்து இழுத்து நடக்கிற நடை. 'இன்னிக்கு நீங்க ஒருத்தர்தான்' என்று கேட்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. அந்த ஆளுக்குக் கணக்கு எப்போதுமே தகராறுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். "அம்மா... கொஞ்சம் நில்லுங்க!" என்று குரல் கொடுத்தார்.

நிற்கவில்லை. வளைவில் திரும்பி மறைந்துவிட்டது.

அந்த உருவம் போன வழியெல்லாம் ஈரமாக இருந்தது. வலது பாதத்தின் தடம் தெளிவாக இருந்தது. இடது பக்கம் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தது. மழை பெய்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

அவர் பயந்தாங்கொள்ளி இல்லை. சோம்பேறி. அது வேறு. ஆனால் மூன்று வருஷத்துக்கு முந்திய அந்தச் சாயங்காலம் எங்கேயும் போகாமல் அவருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

அன்றைக்கும் சீசனின் கடைசி நாள்தான். கொட்டுகிற மழை. அஞ்சரைக்குப் பலகையில் ஒரே ஒரு கொக்கி காலி. முப்பத்தேழு. சைரன் போட்டால் நாலு பேரும் மழையில் விடிய விடியத் தேட வேண்டும், அவரும் ஆபீசிலேயே கிடக்க வேண்டும். வீட்டில் மகளுக்குக் காய்ச்சல். ஞாபகத்துக்கு வைத்துக்கொள்கிறேன் பேர்வழி என்று டோக்கனைச் சுருட்டிக்கொண்டு போகிற ஆட்கள் வருஷத்துக்கு ஏழெட்டுப் பேராவது உண்டு. அதற்காகவே இழுப்பறையில் அறுபதுக்கும் மாற்று டோக்கன் இருந்தது. இழுப்பறையைத் திறந்தபோது கொட்டகைப் போன் அடித்தது. எடுத்தார். கரகரவென்று மழைச் சத்தம். வைத்தார். திரும்ப அடித்தது. எடுத்தார், வைத்தார், வயரைப் பிடுங்கினார். மாற்று முப்பத்தேழைத் துடைத்து மாட்டினார். பலகை நிறைந்தது. வீட்டுக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் ஒருவர் வந்தார். தங்கச்சி நடக்க வந்தாள், வீடு திரும்பவில்லை என்றார். டோக்கன்காரர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. "பலகையைப் பாருங்க சார். ஒரு கொக்கிகூடக் காலி இல்ல. வந்துட்டாங்க. கடைத்தெருவுல விசாரிச்சுப் பாருங்க." அந்த அண்ணன்காரன் பலகையைத் தடவிப் பார்த்தான். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். ஊர் ஊராகத் தேடினார்களாம். தேட வேண்டிய ஒரே இடத்தை விட்டுவிட்டு மற்ற எல்லா இடத்திலும் தேடினார்கள்.

இதை மனைவியிடம்கூட அவர் சொன்னதில்லை. சொல்லலாம் என்று எத்தனையோ முறை வாய் வரை வந்தது. சொன்னால் அவள் முகம் எப்படி மாறும் என்று நினைத்ததும் அடங்கிப் போனது.

ஆறாவது கல்லுக்குப் பக்கத்தில் பாதிவழிக் கொட்டகை வந்தது. கல் சுவர், தகரக் கூரை, ஒரு மரப் பெஞ்சு, சுவரில் அந்தப் போன். உள்ளே துருவும் பாசியும் கலந்த நாற்றம். பெஞ்சின் ஒரு முனையில் மழைக்கோட்டுக்காரி கடல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

மனுஷிதான், காலில் அடிபட்ட யாரோ ஒரு மனுஷி என்று சொல்லிக்கொண்டார். மறு முனையில் உட்கார்ந்தார். பையில் இருந்த டோக்கன் நெஞ்சில் உறுத்த, எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"பனி இறங்கிடுச்சு. இங்க உட்கார்ந்துட்டு இருக்காதீங்கம்மா. மெதுவா நடப்போம்."

அவள் திரும்பவில்லை. "கேட்டைப் பூட்டிட்டாங்களா?"

குரல் இல்லை, மூச்சு மட்டும்.

"அஞ்சரை வரைக்கும் பூட்ட மாட்டாங்க. நான் அங்கதான் வேலை பார்க்கறேன்."

கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தார். கூரை காய்ந்திருந்தது.

"நீங்களா?"

"ஆ... ஆமாம்மா."

"ரெண்டு தடவை போன் பண்ணேன். எடுத்தீங்க."

அவர் சுவரில் இருந்த போனைத் திரும்பிப் பார்த்தார்.

"வச்சிட்டீங்க."

எழுந்து ஓட வேண்டும். உடம்பு அசையவில்லை. மழைக்கோட்டின் கை மெல்ல அவர் பக்கம் வந்தது. ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறிய விரல்கள், வெளுத்துச் சுருங்கியவை, எதையோ பிடித்திருந்தன.

"இதை யார்கிட்ட குடுக்கணும்?"

சத்தியமாக அவர் வாங்க நினைக்கவில்லை. ஆனால் பதினெட்டு வருஷப் பழக்கம் அவரைக் கேட்டா நடக்கும்? கை நீண்டது. வாங்கியது. சட்டை நுனியால் துடைத்தது. கண் நம்பரைப் பார்த்தது.

முப்பத்தேழு.

நிமிர்ந்தபோது பெஞ்சில் யாரும் இல்லை. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஈரம். அவர் எடுத்து வைத்த பன்னிரண்டாம் நம்பர் டோக்கனையும் காணோம்.

ஓடினார். முழங்கால் வலி எல்லாம் பொய் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த ஓட்டம் ஓடினார். ஏழாவது கல் வந்தது. இறக்கம், நாற்பது படி, வளைவு. அடுத்த கல்லைத் தடவிப் பார்த்தார்.

ஏழு.

சரி, பனியில் குழம்பிவிட்டோம் என்று நினைத்தார். மறுபடி இறக்கம். மறுபடி படி. இந்த முறை ஒவ்வொன்றாக எண்ணினார். நாற்பது. வளைவு.

ஏழு.

திரும்பி வந்த வழியே ஓடினார். கலங்கரை விளக்கத்துக் கேட் பூட்டியிருந்தால் என்ன, ஏறிக் குதிக்கலாம். ஓடி ஓடி வந்து சேர்ந்த இடம் கொட்டகை. அதைத் தாண்டி ஓடினார். திரும்பவும் கொட்டகை. பாறையைப் பற்றி மேலே ஏறிப் பார்த்தார். கை எட்டிய உயரத்தில் ஒரு பெஞ்சின் கால் தட்டுப்பட்டது. தலையைத் தூக்கினால், கொட்டகைக்குள் தரையில் மண்டியிட்டிருந்தார்.

கொடுமை என்னவென்றால், ஊர் கேட்டது. பனிக்குள் எல்லாமே பக்கத்தில் கேட்டது. கேட் கிறீச்சிடுவது, யாரோ வாளி கழுவுவது, ஒரு நாய். பிறகு அஞ்சு மணிப் படகின் ஊதல். அவர் பெண் வந்திறங்குகிற படகு. ஒரு கல் எறிந்தால் விழும் தூரத்தில் அது ஊதியது. "இங்க இருக்கேன்!" என்று கத்தினார். ஊதல் நின்றது. வேறொன்றும் நடக்கவில்லை.

அவர் உட்கார்ந்து அழுதார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். ஏன் அழ வேண்டும்? பன்னிரண்டாவது கொக்கி காலியாக இருக்கும். அஞ்சரைக்கு மச்சான் பார்ப்பான். சைரன் போடுவான். நாலு பேர் வருவார்கள். அதற்குத்தானே அந்தப் பலகை? கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அஞ்சு இருபது. அஞ்சு இருபத்தைந்து.

அஞ்சரை.

சைரன் கேட்கவில்லை.

போனை எடுத்தார். எண் சுற்ற வேண்டியதில்லை, எடுத்தாலே ஆபீசில் அடிக்கும். ஒருமுறை அடித்தது. இருமுறை. யாரோ எடுத்தார்கள்.

"மச்சான்! நான்தான்டா! கொட்டகையில மாட்டிக்கிட்டேன்டா, சைரன் போடு!"

"கரகரங்குது" என்றான் மச்சான், வேறு யாரிடமோ.

"டேய், நான்டா! உங்க மாமாடா!"

அவனுக்குக் கேட்கவில்லை. ஆனால் இவருக்கு அங்கே நடப்பது எல்லாம் கேட்டது. மனைவியின் குரல் கேட்டது.

"டேய் தம்பி, உங்க மாமா எங்கடா?"

"வந்துட்டாருக்கா. பலகையைப் பாரு, பன்னிரண்டு மாட்டியிருக்கு. ஒரு கொக்கிகூடக் காலி இல்ல."

"நாலரையிலேர்ந்து நான் கேட்டுலயே நிக்கறேன். என் கண்ணுல படலையே?"

"யாரோ ஒரு அம்மா வந்து நீட்டினாங்க. வாங்கி மாட்டினேன்."

"எந்த அம்மா?"

"மழைக்கோட்டு போட்டுக்கிட்டு... காலை இழுத்து இழுத்து நடந்தாங்க. பாரு, தரையெல்லாம் ஈரம் பண்ணிட்டுப் போயிட்டாங்க. மாமா முன்னாடியே வந்து அவங்ககிட்ட குடுத்து அனுப்பியிருப்பாரு. கடைத்தெருவுல விசாரிச்சுப் பாருக்கா."

கடைத்தெருவுல விசாரிச்சுப் பாருங்க. அதே வார்த்தை.

"அப்பா எங்கம்மா?" அது மகள். பெட்டியை இழுத்துக்கொண்டு நேராக அங்கே வந்திருக்கிறாள். "எனக்காக வந்து நிப்பார்னு சொன்னியே?"

"என் கண்ணு!" என்று அலறினார் இவர். "அப்பா இங்க இருக்கேன்டா! போனை வைக்க வேண்டாம்னு சொல்லுடா!"

"அந்தப் போன்ல யாருடா?" என்று மனைவி கேட்டாள்.

"யாரும் இல்லக்கா. வயருக்குள்ள தண்ணி பூந்திருக்கும். எடுத்துட்டு வச்சிடணும். மாமாதான் சொல்லிக் குடுத்தாரு."

"மழையே பெய்யலையேடா—"

டக்.

திரும்ப எடுத்தார். அடித்தது. யாரோ எடுத்தார்கள், உடனே வைத்தார்கள். மூன்றாவது முறை எடுத்தபோது போனில் உயிரே இல்லை. வயரைப் பிடுங்கிவிட்டான். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை.

அப்புறம் தூரத்தில், ரொம்பப் பக்கத்தில், இரும்புக் கேட்டைப் பூட்டுகிற சத்தம்.

அதன் பிறகு எத்தனை நாள் என்று அவருக்குத் தெரியாது. கடிகாரம் அஞ்சரையிலேயே நின்றுவிட்டது. மழை வந்து போனது. அவர் உடுப்பு அதற்கப்புறம் காயவே இல்லை. மறுபடி சீசன் ஆரம்பித்து ஆட்கள் பேசிக்கொண்டே வந்தார்கள். கொட்டகையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் அந்த முப்பத்தேழாம் டோக்கனை நீட்டிப் பார்த்தார். "இந்த இடம் மட்டும் என்ன இப்படிக் குளிருது?" என்று எழுந்து போனார்கள். யாருக்கும் கை நீளவில்லை. நீட்டினதை வாங்குகிற பழக்கம் எல்லோருக்கும் வருமா? அது ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் வர வேண்டியது.

வீட்டில் என்ன நடக்கிறதோ என்று நினைத்து நினைத்து மருகினார். அவள் பைத்தியம் மாதிரி கடைத்தெருவில் விசாரித்துக்கொண்டிருப்பாள். அந்த அண்ணன்காரன் பலகையைத் தடவிப் பார்த்தது அடிக்கடி கண்ணில் வந்தது.

பிறகு ஆட்கள் குறைந்தார்கள். சீசன் முடிகிறது என்று புரிந்தது. கடலிலிருந்து பனி ஏறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், ஐந்தாவது கல் பக்கத்திலிருந்து ஒரு விசில் சத்தம் வந்தது. பாட்டுப் பாதியில் நின்றது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தது.

ஆய்வு நடை. இந்த வருஷம் வேறு யாரை அனுப்புவார்கள்?

"வராதடா" என்றார். "உள்ள வராத. நேராப் போயிடு, மச்சான். உங்க அக்காவுக்கு இனிமே நீதான்டா இருக்கே."

மச்சான் உள்ளே வந்தான். இளைத்திருந்தான். பெஞ்சில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்தான். பையில் உறுத்திய டோக்கனை எடுத்துப் பக்கத்தில் வைத்தான்.

டோக்கன்காரர் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். தொடைக்கு அடியில் வைத்து அழுத்தினார். நீட்ட மாட்டேன், செத்தாலும் நீட்ட மாட்டேன் என்று பல்லைக் கடித்தார்.

கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. மச்சான் நிமிர்ந்து பார்த்தான்.

"யாருங்க அது?"

அழுத்தி வைத்திருந்த கை வழுக்கி வெளியே வந்தது. வாய், அவரைக் கேட்காமலே, திறந்தது.

"இதை யார்கிட்ட குடுக்கணும்?"

மச்சானின் கை எழுந்தது.